என் மெஷினில் ஓடுகிறது, அவர் மெஷினில் ஓடவில்லை: ரன்டைம் லைப்ரரி தகராறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

பேக்கேஜ் செய்து அனுப்பிய நிரல் பயனரின் மெஷினில் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று புகார் வரும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்க்கும் குறிப்பு இது. புகாரோடு கூடவே ஒரு யோசனையும் வரும்: “அவர் மெஷினில் ஏதோ லைப்ரரி இல்லை, போட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம்.” பெரும்பாலும் கோளாறு அவர் மெஷினில் இருக்காது, நாம் பில்ட் செய்த மெஷினில் இருக்கும். இதை நம்புவதற்கே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

லினக்ஸ்தான் இங்கே அதிகம், விண்டோஸ் கடைசிப் பக்கமாக வரும். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். திரையில் பார்த்ததும் எது எது என்று புரிந்துவிடும்.

## எதையும் மாற்றுவதற்கு முன்: இரண்டு பட்டியல்

முதல் பட்டியல், பைனரி (கம்பைல் செய்து முடித்த நிரல் ஃபைல்) என்ன கேட்கிறது என்பது. ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய எழுத்து டி (T) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். வருவதில் ‘ஜிலிப்’ என்று இருக்கும் வரிகளை மட்டும் கிரெப் செய்து, வெர்ஷன் பெயர்களை வரிசைப்படுத்துங்கள். ஜிலிப்சி என்று தொடங்குபவை அதே பெயருள்ள சி லைப்ரரியிடம் கேட்பவை, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்று தொடங்குபவை லிப்எஸ்டிடிசி++ என்ற சி++ லைப்ரரியிடம் கேட்பவை. ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய எண்தான் உங்கள் நிரல் எதிர்பார்க்கும் குறைந்தபட்சம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். சார்ட் கட்டளையைச் சும்மா ஓட்டினால் அது எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். 2.34 மேலே வந்து 2.4 கடைசி வரியாக நிற்கும். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, 2.4 தானே, எந்தப் பழைய மெஷினிலும் ஓடும் என்று அரை நாள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். சார்ட்டுக்குப் பெரிய எழுத்து வி ஆப்ஷன் கொடுத்தால் வெர்ஷன் முறைப்படி அடுக்கும். 3.4.9, 3.4.29 விஷயத்திலும் இதே கதைதான்.

இரண்டாவது பட்டியல், அந்த மெஷினில் என்ன இருக்கிறது என்பது. எல்டிடி கட்டளைக்கு --வெர்ஷன் கொடுத்தால் ஜிலிப்சியின் எண் வரும். லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 ஃபைலை ஸ்ட்ரிங்ஸ் கட்டளைக்குக் கொடுத்து ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் வரிகளை எடுத்தால் அதில் உள்ள பெரிய எண் தெரியும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பேக்கேஜுக்குள் இருக்கும் முதன்மை பைனரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், உள்ளே உள்ள ஒவ்வொரு எஸ்ஓ ஃபைலையும் (நிரல் ஓடும்போது ஏற்றும் பகிர்வு லைப்ரரி) பாருங்கள். எங்கோ மூலையில் கிடக்கும் ஒரு ப்ளக்இன் மட்டும் புதிய எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்புறம், நம்பிக்கையில்லாத பைனரியில் எல்டிடி ஓட்ட வேண்டாம், சில சமயம் அது நிரலையே இயக்கிவிடும். அதற்கு ஆப்ஜ்டம்ப் -பி போதும்.

## அறிகுறி: “ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்”

எண் 2.34 ஆக இருக்கலாம், 2.38 ஆக இருக்கலாம். பொருள் ஒன்றுதான்: பில்ட் செய்த மெஷின் புதிது, ஓட்டும் மெஷின் பழையது. பழைய பைனரி புதிய ஜிலிப்சியில் ஓடும். புதியதைப் பழையதில் ஓட்ட முடியாது.

நான் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள்: ரெட் ஹேட் 7இல் 2.17, 8இல் 2.28, 9இல் 2.34. டெபியன் 11இல் 2.31, 12இல் 2.36. உபுண்டு 20.04இல் 2.31, 22.04இல் 2.35, 24.04இல் 2.39.

2.34 என்ற எண் மட்டும் ஏன் இவ்வளவு அடிக்கடி கண்ணில் படுகிறது? அந்த வெளியீட்டில் த்ரெட் லைப்ரரியை ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மெயின் ஃபங்ஷனைத் தொடங்கிவைக்கும் சிம்பலுக்கும் (பைனரி லைப்ரரியில் தேடும் ஃபங்ஷன் பெயர்) புது வெர்ஷன் கொடுத்தார்கள். ஆகவே 2.34 அல்லது அதற்கு மேல் உள்ள மெஷினில் ஒரே ஒரு வரி அச்சிடும் நிரலைக் கம்பைல் செய்தாலும் அது 2.34ஐக் கேட்கும். உங்கள் கோடில் அதற்குக் காரணம் தேடுவது வீண்.

கேட்பது 2.34 அல்லாத வேறு எண் என்றால், எந்த சிம்பல் கேட்கிறது என்று ஆப்ஜ்டம்ப் வரியிலேயே இருக்கும். 2.38 என்றால் பெரும்பாலும் ஐசோசி23 என்று தொடங்கும் பெயர், அதாவது எழுத்தை எண்ணாக்கும் ஸ்டிரிடோஎல் வகையறா. 2.29 என்றால் எக்ஸ்ப், லாக், பவ் போன்ற கணித ஃபங்ஷன்கள். 2.28 என்றால் எஃப்சிஎன்டிஎல்64 ஆக இருக்கலாம்.

செலவு குறைந்ததிலிருந்து தீர்வுகள்:

முதலில், அந்தப் பயனருக்கு ஏற்ற பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். 22.04க்கு உரியதை 20.04இல் போட்டிருப்பார், அவ்வளவுதான்.

இல்லையென்றால், நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் விநியோகங்களிலேயே (உபுண்டு, டெபியன் போன்றவை) மிகப் பழையது எதுவோ அதன் கன்டெய்னருக்குள் (தனி மெஷின்போல இயங்கும் சூழல்) பில்ட் செய்யுங்கள். நான் தொண்ணூறு சதவீதம் இங்கேயே முடித்துவிடுவேன். பைத்தான் பேக்கேஜ் என்றால் இதற்கென்றே மெனிலினக்ஸ் இமேஜ்கள் இருக்கின்றன. மெனிலினக்ஸ்2014 என்பது ஜிலிப்சி 2.17ஐ அடிப்படையாகக் கொண்டது, மெனிலினக்ஸ்_2_28 என்பது பெயரிலேயே எண்ணைச் சொல்லிவிடுகிறது. பில்ட் முடிந்ததும் ஆடிட்வீல் என்ற கருவி சரிபார்த்துச் சொல்லும்.

பழைய கன்டெய்னரில் கம்பைலரும் பழசாக இருக்குமே, புது சி++ வசதிகள் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. ரெட் ஹேட் பக்கத்தில் ஜிசிசி-டூல்செட் இதற்காகவே இருக்கிறது: புதிய ஜிசிசி கம்பைலர், ஆனால் அடியில் பழைய ஜிலிப்சி, பழைய லிப்எஸ்டிடிசி++. அந்தப் பழைய லைப்ரரியில் இல்லாத புதுப் பகுதிகளை மட்டும் உங்கள் பைனரிக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக இணைத்துவிடலாமே என்று தோன்றும். ஜிலிப்சியில் அது பாதிதான் வேலை செய்யும். பெயரை ஐபி முகவரியாக்குவது, பயனர் பெயர் தேடுவது, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு அது ஓடும் நேரத்திலும் தன் வெர்ஷனுக்கு ஏற்ற லைப்ரரிகளைத் தேடும். நெட்வொர்க் தொடாத சின்னக் கட்டளைக் கருவி என்றால் சரி. முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரியோடு பில்ட் செய்வது சுத்தமான வழி, அதற்கும் தனித் தலைவலி உண்டு, கீழே வருகிறது.

செய்யவே கூடாதது ஒன்று: புதிய ஜிலிப்சி ஃபைலை அந்த மெஷினின் சிஸ்டம் ஃபோல்டரில் கொண்டுபோய் மேலே எழுதுவது. லோடரும் (நிரலையும் அதன் லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றுவது) ஜிலிப்சியும் ஒரே வெர்ஷன் ஜோடியாக இருக்க வேண்டும். ஜோடி பிசகினால் எல்எஸ் கட்டளைகூட ஓடாது. பழைய ஃபைலைத் திரும்ப வைக்க சிபி வேண்டும், அதுவும் ஓடாது. மீட்பு டிஸ்க்கில் பூட் செய்வதைத் தவிர வழி இருக்காது.

யாரிடம் போவது: பைனரி வேறொருவர் கொடுத்தது, சோர்ஸ் உங்களிடம் இல்லை என்றால் அதைப் பேட்ச் செய்து மன்றாட வேண்டாம். கொடுத்தவரிடம் “உங்கள் பைனரி இந்த எண்ணைக் கேட்கிறது, எங்களுக்கு இந்த எண்ணுக்குள் வேண்டும்” என்று எழுதுங்கள்.

## அறிகுறி: “ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.29 நாட் ஃபவுண்ட்”

மேலே உள்ளதைப் போலத்தான் தெரியும், ஆனால் முதல் சந்தேகம் வேறு. பிழைச் செய்தியின் தொடக்கத்தில் எந்த ஃபோல்டரில் உள்ள லிப்எஸ்டிடிசி++ என்று முழுப் பாதை இருக்கும். அதைப் படியுங்கள். எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள், பாதையை விட்டுவிடுகிறார்கள்.

பாதை சிஸ்டம் ஃபோல்டர் அல்ல என்றால், கான்டா என்ற பேக்கேஜ் மேலாளரின் சூழல், இன்னொரு பெரிய மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய பிரதி, ஷெல் தொடக்க ஃபைலில் என்றோ எழுதி மறந்துபோன எல்டி_லைப்ரரி_பாத் மாறி (லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்வது), இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அந்த மாறியை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் வேலை முடிந்தது. எங்கிருந்து எடுக்கிறது என்று இன்னும் புரியவில்லையா? எல்டி_டீபக் மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். லோடர் எந்தெந்தக் கதவைத் தட்டியது, எங்கே திறந்தது என்று வரி வரியாகக் கக்கும்.

பாதை சிஸ்டம் ஃபோல்டர்தான் என்றால், புதிய ஜிசிசியால் கட்டியதைப் பழைய இடத்தில் ஓட்டுகிறீர்கள். ஜிசிசி 9.1 தந்தது 3.4.26, ஜிசிசி 10இல் 3.4.28, 11இல் 3.4.29, 12இல் 3.4.30, 13.1இல் 3.4.31, 13.2இல் 3.4.32, 14இல் 3.4.33. ரெட் ஹேட் 8 வைத்திருப்பது 3.4.25 வரை. டெபியன் 11க்கு 3.4.28 வரை.

இதில் ஒரு விசித்திரம். உபுண்டு 22.04இல் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. ஆனால் அங்கே நிறுவியிருக்கும் லிப்எஸ்டிடிசி++ ஜிசிசி 12இலிருந்து வந்தது. நிரல் கண்டிஷன்_வேரியபிளின் வெயிட்டைப் பயன்படுத்தினால், கம்பைல் செய்தது 11ஆக இருந்தாலும் பைனரி 3.4.30ஐக் கேட்கும். எந்த வெர்ஷன் ஒட்டுகிறது என்று தீர்மானிப்பது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைத்துப் பைனரி ஆக்குவது) பார்த்த லைப்ரரி, கம்பைலரின் எண் அல்ல. “நாங்கள் 11தான் பயன்படுத்துகிறோம், 11 உள்ள மெஷினில் ஏன் ஓடவில்லை” என்று யாராவது கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

தீர்வு, எளிதானது முதலில்: பழைய கன்டெய்னரில் பில்ட். முடியாதென்றால் -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++, -ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசி இரண்டையும் லிங்க் வரியில் சேர்ப்பது. உரிமச் சிக்கல் வருமோ என்று பயப்பட வேண்டாம். ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு இதற்காகவே எழுதப்பட்டது, மூடிய மூல நிரலுக்கும் பொருந்தும்.

ஸ்டாட்டிக் போட்டும் அதே பிழை வருகிறதா? லிங்க் செய்வது ஜி++ ஆக இருக்க வேண்டும். ஜிசிசி என்று அழைத்து, லிப்எஸ்டிடிசி++ஐக் கையால் சேர்த்திருந்தால் அந்த ஆப்ஷனுக்குப் பலனே இல்லை, எச்சரிக்கையும் வராது. அடுத்து, நீங்கள் இணைத்திருக்கும் வேறொரு எஸ்ஓ ஃபைல் தன் பங்குக்கு லிப்எஸ்டிடிசி++ஐ இழுத்துவரலாம். ரீட்எல்ஃப் -டி (சிறிய எழுத்து d) கொடுத்து ஒவ்வொன்றிலும் ‘நீடட்’ வரிகளைப் பாருங்கள்.

உங்கள் நிரல் ப்ளக்இன்களை ஏற்றுகிறது, அந்த ப்ளக்இன்கள் சி++ பொருள்களையோ எக்ஸெப்ஷன்களையோ இங்குமங்கும் அனுப்புகின்றன என்றால் ஸ்டாட்டிக் வழி வேண்டாம். இப்போதைக்குப் பிழை போகும், அடுத்த மாதம் வேறு முகத்தோடு திரும்பி வரும்.

## அறிகுறி: நிரல் திறக்கிறது, கிராஃபிக்ஸ் மட்டும் வேலை செய்யவில்லை

“லிப்ஜிஎல் எரர், ஃபெயில்ட் டு லோட் டிரைவர்” என்று வரும், அல்லது எதுவும் சொல்லாமல் மென்பொருள் வழி வரைதலுக்கு இறங்கி ஆமை வேகத்தில் ஓடும். பயனர் டிரைவரை மறுபடி மறுபடி நிறுவிப் பார்த்திருப்பார். பாவம், டிரைவரில் ஒன்றும் இல்லை.

பேக்கேஜுக்குள் நீங்கள் பழைய லிப்எஸ்டிடிசி++ஐ வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நிரல் அதை ஏற்றிவிடுகிறது. பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ளே வருகிறது. அது அந்த மெஷினின் புதிய லைப்ரரியோடு கட்டப்பட்டது, புதிய எண்ணைக் கேட்கிறது. ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதால் லோடர் இன்னொன்றை ஏற்றாது. டிரைவர் தோற்றுப்போகிறது.

சோதனை சுலபம்: பேக்கேஜுக்குள் உள்ள லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கிராஃபிக்ஸ் வந்துவிட்டால் கண்டுபிடித்தாயிற்று. ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1 ஃபைலுக்கும் இதே சோதனை.

நிரந்தரத் தீர்வாக, அந்த இரண்டையும் பேக்கேஜில் வைக்காமலே இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் தனி ஃபோல்டரில் வைத்து, தொடக்க ஸ்கிரிப்டில் இரண்டு பிரதிகளின் பெரிய எண்ணையும் ஒப்பிட்டு, சிஸ்டத்தில் இருப்பது பழசாக இருந்தால் மட்டும் உங்களுடையதைப் பாதையில் சேர்க்கச் செய்யுங்கள். புதியது எப்போதும் ஜெயிக்க வேண்டும். 2004இல் வந்த ஜிசிசி 3.4 முதல் இந்த லைப்ரரியின் எஸ்ஓ எண் 6 ஆகவே இருக்கிறது, பழைய சிம்பல்களைப் புதியதிலும் வைத்திருக்கிறார்கள், ஆகவே இது பாதுகாப்பான சூதாட்டம்.

## அறிகுறி: லிங்க் செய்யும்போதே “அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்”

பிழையில் வரும் சிம்பல் பெயரைப் பொறுத்துப் பிரியுங்கள்.

பெயருக்குள் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ இருந்தால்: 2015இல் வந்த ஜிசிசி 5, ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டுக்கும் புது உள்ளமைப்பைக் கொண்டுவந்து பழையதையும் கூடவே வைத்துக்கொண்டது. ஒரு லைப்ரரி பழைய அமைப்பிலும் உங்கள் கோட் புதிய அமைப்பிலும் கம்பைல் ஆகியிருக்கிறது. அந்த லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாதென்றால் உங்கள் பக்கத்தில் _ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ மாறியை 0 ஆக்குங்கள். ஆனால் அப்போது ஸ்ட்ரிங் கைமாறும் மற்ற எல்லா சி++ லைப்ரரிகளும் அதே 0 உடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைத் திருப்தி செய்தால் இன்னொன்று முறைக்கும்.

பெயருக்குள் இரட்டைக் கீழ்க்கோட்டோடு ‘1’ மட்டும் ஒரு பெயர்வெளியாக வந்தால்: அது எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் திட்டத்தின் சி++ லைப்ரரியான லிப்சி++. லிப்எஸ்டிடிசி++ உள்ள இடத்தில் அது பொருந்தாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுவதையும் அதிலேயே கட்டுங்கள்.

‘முலோடிஐ4’ என்றால்: எல்எல்விஎம்மின் கிளாங் கம்பைலர் 128 பிட் எண் பெருக்கலில் வழிதலைச் சரிபார்க்க இந்த ஃபங்ஷனை அழைக்கிறது. அது கிளாங்கின் துணை லைப்ரரியான கம்பைலர்-ஆர்டியில் இருக்கிறது, லிப்ஜிசிசியில் இல்லை. லிங்க் வரியில் --ஆர்டிலிப் ஆப்ஷனுக்குக் கம்பைலர்-ஆர்டி என்று கொடுங்கள்.

‘அட்டாமிக்_லோட்_16’ போன்றவை என்றால்: லிப்அட்டாமிக்கைச் சேர்க்க வேண்டும். சேர்த்தும் போகவில்லையென்றால் வரிசையைப் பாருங்கள், ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வர வேண்டும். பேக்கேஜின் சார்புப் பட்டியலிலும் அதை எழுத மறந்துவிடாதீர்கள், உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருப்பதால் தெரியாமலே போய்விடும்.

‘ஏஆர்ச்64_எல்டிஆட்’ என்று தொடங்கினால்: ஆர்ம் 64 பிட்டில் ஜிசிசி 10 முதல் அட்டாமிக் செயல்களை லிப்ஜிசிசியில் உள்ள துணை ஃபங்ஷன்களுக்கு ஒப்படைப்பது இயல்பாகிவிட்டது. புதிய கம்பைலரின் ஆப்ஜெக்ட் ஃபைலைப் பழைய லிப்ஜிசிசியோடு இணைத்தால் இது வரும். எல்லாவற்றையும் ஒரே கம்பைலரில் கட்டுங்கள், அல்லது -எம்நோ-அவுட்லைன்-அட்டாமிக்ஸ் கொடுங்கள்.

ஃபோர்ட்ரான் கோட் இருந்தால் தனியாக ஒரு வரி: லிப்ஜிஃபோர்ட்ரான் எஸ்ஓ எண் ஜிசிசி 7இல் 4, 8 முதல் 5. இங்கே எண் மாறினால் ஒத்துப்போகாது, மறுபடி கம்பைல்தான்.

## அறிகுறி: ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, “நோ சச் ஃபைல்” என்கிறது

எல்எஸ் போட்டால் தெரிகிறது, ஓட்ட உரிமையும் இருக்கிறது, ஓட்டினால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. முதன்முறை பார்ப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். இல்லை என்று அது சொல்வது உங்கள் ஃபைலை அல்ல, அந்த ஃபைல் கேட்கும் லோடரை.

ஸ்கிரிப்ட் ஃபைல் என்றால் முதல் வரியின் கடைசியில் விண்டோஸ் பாணி வரி முடிவு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பைனரி என்றால் ரீட்எல்ஃப் -எல் கொடுத்து ‘இன்டர்ப்ரெட்டர்’ வரியைப் படியுங்கள். எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 என்றிருந்தால் ஜிலிப்சிக்காகக் கட்டியது. எல்டி-மஸ்ல்-எக்ஸ்86_64.எஸ்ஓ.1 என்றால் மஸ்லுக்காக. முன்னதை, மஸ்லைப் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் போட்டால் இந்தப் பிழைதான் வரும். 32 பிட் லோடர் நிறுவாத 64 பிட் மெஷினில் 32 பிட் பைனரியைப் போட்டாலும் இதேதான்.

ஆல்பைனில் ஜிலிப்சிக்காகக் கட்டியதை ஓட்ட உதவும் ஜிகாம்பாட் என்ற பேக்கேஜ் சின்ன நிரல்களுக்கு ஒப்பேற்றும். அதன் மேல் பெரிய கட்டடம் கட்ட வேண்டாம். ஒன்று ஆல்பைனிலேயே பில்ட் செய்யுங்கள், இல்லையென்றால் ஜிலிப்சி உள்ள அடிப்படை இமேஜுக்கு மாறுங்கள். இமேஜ் அளவு சில மெகாபைட் கூடும் என்பதற்காக நாள்கணக்கில் போராடுவது எனக்குப் புரிவதே இல்லை.

மஸ்லில் பில்ட் ஆகி, ஓடும்போது த்ரெட்டுக்குள் திடீரென்று செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் ஸ்டாக் அளவைச் சந்தேகியுங்கள். ஜிலிப்சியில் த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி கிடைக்கும், மஸ்லில் இயல்பு 128 கேபி மட்டுமே. த்ரெட் உருவாக்கும்போதே அளவைச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: நன்றாக ஓடி, முடியும்போது சாகிறது

“லிப்ஜிசிசி_எஸ்.எஸ்ஓ.1 மஸ்ட் பி இன்ஸ்டால்ட் ஃபார் பித்ரெட்_எக்ஸிட் டு ஒர்க்” என்ற வரி. பித்ரெட்_கேன்சல் என்றும் வரலாம். இதில் செய்தியே விடையைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஏன் முன்பே தெரியவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். ஜிலிப்சி இந்த லைப்ரரியைத் தேவைப்படும் நொடியில்தான் திறக்கிறது. பைனரியின் நீடட் பட்டியலில் அது இருக்காது, எல்டிடியும் காட்டாது. எல்டிடி காட்டியதை மட்டும் எடுத்து மிகச் சின்னக் கன்டெய்னர் இமேஜோ பூட் இமேஜோ தயாரித்தால் இது விடுபட்டுப்போகும். த்ரெட் ஒன்று முடியும்வரை எல்லாம் சுகமாக இருக்கும். அந்த ஃபைலைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

எக்ஸெப்ஷன் எறிந்ததும், பிடிக்கும் கேட்ச் பகுதி இருந்தும் நிரல் ‘டெர்மினேட்’ என்று நின்றால் அது வேறு விஷயம். ஒரே புராசஸில் லிப்ஜிசிசியின் இரண்டு பிரதிகள், ஒன்று ஸ்டாட்டிக், இன்னொன்று எஸ்ஓ. எறிவது ஒரு லைப்ரரி, பிடிப்பது இன்னொன்று என்றால் இரண்டுமே பகிரப்பட்ட லிப்ஜிசிசியைத்தான் பயன்படுத்த வேண்டும். -ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசியை எடுத்துவிட்டு முயலுங்கள். எடுத்தும் போகவில்லையென்றால் இது எனக்கும் உங்களுக்கும் மேற்பட்ட வேலை, கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: பேக்கேஜ் நிறுவவே மறுக்கிறது, அல்லது நிறுவிவிட்டு ஓடவில்லை

“நத்திங் ப்ரொவைட்ஸ்” என்று ஆர்பிஎம் (ரெட் ஹேட் வகையின் பேக்கேஜ் முறை) பக்கம் வந்தால், பேக்கேஜ் மேலாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பைனரி கேட்கும் வெர்ஷனைப் படித்துச் சார்பாக எழுதி, அது இல்லாத மெஷினில் நிறுத்தியிருக்கிறது. வலுக்கட்டாயமாக நிறுவினால் மேலே உள்ள முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்றுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

தலைகீழான கேஸ்தான் தொல்லை: நிறுவிவிட்டது, ஓடவில்லை. சார்பு பதிவாகவே இல்லை. ஆர்பிஎம்மில் நான் முதலில் பார்ப்பது ஃபைல் உரிமை. எஸ்ஓ ஃபைல் 644 உரிமையோடு இருந்தால் தானியங்கிச் சார்பு தேடல் அதைத் தொடாமலே கடந்துபோகும். 755 ஆக்கிவிட்டு மறுபடி பேக்கேஜ் செய்தால் விடுபட்ட வரிகள் முளைத்துவிடும்.

டெபியனில் கன்ட்ரோல் ஃபைலின் டிபென்ட்ஸ் வரியில், லைப்ரரிச் சார்புகளைத் தானாக நிரப்பும் ஷ்லிப்ஸ் மாறி இருக்கிறதா பாருங்கள். யாரோ அதை நீக்கிவிட்டுக் கையால் பெயர்களை எழுதியிருப்பார்கள். டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் “தகவல் கிடைக்கவில்லை” என்று பிழை காட்டினால், நீங்கள் இணைத்த லைப்ரரி எந்த டெப் பேக்கேஜிலிருந்தும் வராதது, கையால் நிறுவியது. அதை முறையாக ஒரு பேக்கேஜ் ஆக்குங்கள். புறக்கணிக்கும் ஆப்ஷனைப் போடுவது குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது.

## விண்டோஸில் அறிகுறிகள்

“விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை”: விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (மைக்ரோசாஃப்டின் ரன்டைம் லைப்ரரித் தொகுப்பு) நிறுவவில்லை. உங்கள் இன்ஸ்டாலரே அதை நிறுவட்டும். பெயரின் கடைசியில் ‘_1’ இருந்தால், 64 பிட்டில் 2019 பதிப்போடு வந்தது அது, பழைய ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போதாது. பெயர் ‘140டி’ என்று முடிந்தால் டீபக் பில்டைத் தவறுதலாக அனுப்பிவிட்டீர்கள். அதைப் பகிர உரிமமும் கிடையாது, ரிலீஸ் பில்டை அனுப்புங்கள்.

டிஎல்எல் எல்லாம் இருக்கிறது, ஆனால் மியூடெக்ஸைப் பூட்டும் இடத்தில் எம்எஸ்விசிபி140க்குள் விழுகிறது: விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.10 பதிப்பில் மியூடெக்ஸின் தொடக்க முறை மாறியது. அதில் கம்பைல் செய்ததைப் பழைய டிஎல்எல்லோடு ஓட்டினால் இப்படி விழும். 2015 முதல் 2022 வரை ஒத்துப்போகும் என்ற வாக்குறுதி உண்மைதான், ஆனால் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் உங்கள் கம்பைலரைவிடப் பழசாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இன்ஸ்டாலர் ஃபோல்டரில் வருடக்கணக்காகக் கிடக்கும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் ஃபைலை இன்றே புதுப்பியுங்கள்.

மின்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) பில்ட் என்றால் தொலைந்துபோவது லிப்ஜிசிசி_எஸ்_எஸ்இஎச்-1, லிப்எஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1 மூன்றும்தான். மூன்றையும் இஎக்ஸ்இ பக்கத்திலேயே வையுங்கள். “ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட்” பிழை வந்தால், பாத்தில் இருக்கும் வேறொரு நிரலின் லிப்எஸ்டிடிசி++-6 முந்திக்கொண்டது என்று பொருள். பக்கத்தில் வைத்தால் அதுவும் தீரும். 0xசி000007பி என்ற எண் வந்தால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டன.

## எப்போது நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போவது

எக்ஸெப்ஷன் இரண்டு லைப்ரரிகளுக்கு நடுவில் தொலைகிறது, கோர் டம்ப்பில் ஸ்டாக் முழுதும் குப்பையாகத் தெரிகிறது, அல்லது பழைய கன்டெய்னர், ஸ்டாட்டிக் லிங்க் இரண்டுமே உங்கள் தேவைக்கு ஒத்துவராமல் தனியாக ஒரு கிராஸ் கம்பைலரும் (வேறொரு சூழலுக்காகக் கட்டுவது) சிஸ்ரூட்டும் (அந்தச் சூழலின் லைப்ரரிகளின் பிரதி) அமைக்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் நான் அரை நாளுக்கு மேல் செலவிட மாட்டேன். டூல்செயின் கட்டுவதே வேலையாக உள்ளவரிடம் போய்விடுவேன். விநியோகத்தின் சொந்தப் பேக்கேஜில் சிக்கல் என்றால் அந்த விநியோகத்தின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள், அதன் பராமரிப்பாளர் இதை முன்பே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

போகும்போது கையில் இவை இருக்கட்டும்: பிழைச் செய்தி பாதையோடு முழுசாக, பில்ட் செய்த கன்டெய்னரின் பெயர், ஜிசிசி -வி வெளியீடு, முழு லிங்க் வரி, எல்டி_டீபக் பதிவு, தொடக்கத்தில் எடுத்த அந்த இரண்டு பட்டியல். ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம், டெக்ஸ்ட் ஃபைலாகக் கொடுங்கள். அவரும் முதலில் கிரெப்தான் போடுவார்.